பாய்மரப் படகேறும் முன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வது எப்படி?

கொச்சியிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸுக்குப் போகும் பாய்மரப் படகுகளுக்கு ஜனவரி கடைசி நல்ல நேரம். முதல் பாதி வழிக்கு வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். கடலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. காணும் பொங்கல், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா என்று சொந்தபந்தம் தானாகவே கூடிவிடும் மாதம் அது.

காணும் பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுவது வழக்கம்தானே, அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தனியாகப் போய்ச் சொன்னால் ஆயா அழும். கூட்டத்தில் சொன்னால் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அடுத்த பேரனைக் கூப்பிடும். மற்றவர்களை ஆற்றுத் திருவிழாவில், தென்பெண்ணை மணலில் சிறுவள்ளிக்கிழங்கு வாங்கும் இடத்தில் பிடித்துவிடலாம். உடம்பு முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும் நேரில் போனால் போதும். அதுவும் காலையில் போங்கள். ராத்திரி போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா கடலு?" என்று ஒரு அத்தையாவது கேட்பார். நான் வாதாடுவதில்லை. பக்கத்துப் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியைச் சொல்வேன். கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் அவரும் சக அதிகாரி தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, இருவராகவே உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அத்தை அப்புறம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றுதான் கேட்பார்.

திரும்பும் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள், மாதத்தைச் சொல்லுங்கள். செஷல்ஸுக்கு ஏறத்தாழ 1,500 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். காற்று விழுந்தால் அந்தக் கணக்கும் விழும். மூன்று நாள் செய்தி வராவிட்டால் செய்தி அனுப்பும் கருவி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதறாத ஒருவரிடம் மட்டும் படகின் பெயர், அவசர பீக்கன் (ஆபத்தில் படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லும் கருவி) பதிவு விவரம், பாஸ்போர்ட் நகல், கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லாவற்றையும் கொடுத்துவையுங்கள். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. அம்மாவிடம் கொடுத்தால் முதல் நாளே போன் போட்டுவிடுவார்.

கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளவும் முடியாது. பண்ருட்டி முந்திரி, பொரிவிளங்காய் உருண்டை சரி. ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவில் என்றால் சரி, கண்ணாடி பாட்டில் வேண்டாம். கருவாட்டைக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்; மூடிய கேபினில் அந்த வாசனையோடு வாழ முடியாது.

கடைசியில் மாமா, சித்தி பிள்ளைகளோடு இரண்டு ராத்திரி வெளியே தங்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் பருவம் அது, நம் டார்ச் வெளிச்சம் அவற்றைக் குழப்பும். கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரிந்தவர்களின் சவுக்குத் தோப்பு இருந்தால் கேட்டுக்கொண்டு போகலாம். காய்ந்த சவுக்குச் சருகு சட்டென்று பற்றும். அதனால் சருகை நன்றாகக் கூட்டித் தள்ளிவிட்டு வெறும் மண்ணில் ஸ்டவ் வையுங்கள். தை மாதப் பனிக்குத் தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டாயம்.

படகில் செய்யப்போவதை இங்கேயே பழகிப் பாருங்கள். மூன்று மணி நேரம் ஒருவர் விழித்திருக்க, மற்றவர்கள் தூங்கட்டும். ராத்திரி சிவப்பு வெளிச்சம் மட்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக வெகுநேரம் ஆகும். கொண்டுபோகும் உணவிலேயே சமையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் யார் சிடுசிடுப்பார், யார் டீ போட்டு வைப்பார் என்பதும் தெரிந்துவிடும். முக்கியமாக, நீங்கள் எந்த ரகம் என்று தெரியும்.

தோப்பிலிருந்து திரும்பியதும் தார்ப்பாய், தூங்கும் பை எல்லாவற்றையும் மொட்டை மாடியில் முழு வெயிலில் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் கொச்சியில் பிரிக்கும்போதே பூஞ்சை பூத்திருக்கும்.