முதல் ஆஸிலேட்டருக்கு எந்த ஐசி வாங்கலாம்?

வீட்டிலேயே அனலாக் சிந்தசைசர் செய்ய இறங்குபவர்கள் பலர் சிஇஎம்3340 என்ற ஆஸிலேட்டர் ஐசி, அதாவது ஒலி அலையை உருவாக்கும் சில்லு, பற்றிப் படித்துவிட்டு அதிலேயே ஆரம்பிக்க நினைக்கிறார்கள். ரோலண்ட் எஸ்ஹெச்-101, ப்ராஃபெட்-5-இன் மூன்றாம் பதிப்பு, இந்த இரண்டு சிந்தசைசர்களிலும் இருந்தது அதுதான், அருமையான ஐசி. ஆனால் அதற்கு பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளை வேண்டும், டியூன் செய்ய டிரிம்மர்கள் (திருகிச் சரிசெய்யும் குட்டி ரெசிஸ்டர்கள்) வேண்டும், சத்தமே வராவிட்டால் தப்பு எங்கே என்று தேடுவதற்குள் ஆசையே போய்விடும். அதனால் சிடி40106-இல் தொடங்குங்கள், இன்புட்டைத் தலைகீழாக்கி அவுட்புட்டில் தரும் ஆறு ஷ்மிட் டிரிக்கர் இன்வெர்ட்டர்கள் உள்ள ஐசி அது. 74எச்சி14-க்கும் இதே பின் வரிசைதான், ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பார்த்து வாங்குங்கள்.

முதலில் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் 14-ஆம் பின்னுக்கு, மைனஸ் 7-க்கு. இரண்டுக்கும் நடுவே ஐசியை ஒட்டி ஒரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர்.

அடுத்து 1-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பேட்டரியின் மைனஸுக்கு, இன்னொரு 100 நானோஃபாரட். 1-க்கும் 2-க்கும் இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மெகா ஓம் பாட்டும் (பொட்டென்ஷியோமீட்டர், திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வரிசையாக. அவ்வளவுதான் ஆஸிலேட்டர்! கெபாசிட்டர் நிரம்பி ஒரு அளவைத் தாண்டியதும் அவுட்புட் கீழே விழும், அது வடிந்ததும் மறுபடி மேலே ஏறும், இப்படியே சதுர அலை வரும்.

பயன்படுத்தாத இன்புட்களை, அதாவது 3, 5, 9, 11, 13 பின்களை, கண்டிப்பாக கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். சும்மா விட்டால் அவை தானாகத் துடித்து எல்லாவற்றையும் குழப்பும்.

ஆம்ப்ளிஃபையருக்கு 9 வோல்ட்டை நேராக அனுப்பாதீர்கள். 2-ஆம் பின்னில் 100 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக எடுங்கள். பாட்டை மெதுவாகத் திருப்பினால் டக் டக் என்று தனித்தனியாகக் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ஒரே ஸ்வரமாகிவிடும், சுமார் 12 ஹெர்ட்ஸிலிருந்து 1200 வரை போகும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

அப்புறம் 3-ஐ கிரவுண்டிலிருந்து எடுத்துவிட்டு 3, 4 பின்களில் இதையே இன்னொன்று கட்டி, அதன் அவுட்புட்டையும் தனி 100 கிலோ ஓம் வழியாக அதே இடத்தில் சேருங்கள். இரண்டும் லேசாக விலகி நிற்கும்போது ஒலி அலைபாயும்.

கீபோர்டு வைத்து வாசிக்க மட்டும் இது போதாது. கீபோர்டிலிருந்து வரும் வோல்டேஜ் ஒரு வோல்ட் ஏறினால் 110 ஹெர்ட்ஸ் 220 ஆக வேண்டும், இன்னொரு வோல்ட்டுக்கு 440. டிரான்சிஸ்டரால் இது முடியும், ஆனால் சூட்டுக்கு ஸ்ருதி நகரும். அதைச் சரிக்கட்டும் வேலையை 3340 உள்ளேயே செய்துவிடுகிறது, விலை அதற்குத்தான். லாட்வியாவில் தயாராகும் ஏஎஸ்3340 அதே பின் அமைப்போடு வருகிறது, அதை வாங்கலாம். ஆன் செய்து இருபது நிமிடம் விட்டுவிட்டு டியூன் செய்யுங்கள்.