சிறைச் சமையற்கூடத்தைக் கண்காணிப்போருக்கு: கடைசித் தட்டைச் சோதியுங்கள்

சிறைச் சமையற்கூடத்தில் உணவைச் சோதிக்கும் அதிகாரி, அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது மட்டும் போதாது. உணவு கடைசியாகச் சென்றடையும் தொகுதிக்கே போய், வரிசையின் இறுதியில் நிற்கும் சிறைவாசியின் தட்டைப் பார்க்க வேண்டும். முதலில் வாங்கியவருக்குக் காய்த்துண்டுகளோடு கெட்டியான சாம்பார் கிடைத்திருக்க, கடைசி ஆளுக்கு ஆறிப்போன தண்ணீர்ச் சாம்பாரே மிஞ்சியிருப்பது அங்கேதான் தெரியவரும். அந்தச் சோற்றைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உணவுப் பட்டியலில் உள்ளது அரிசியின் எடையானால், வெந்தபின் அது இரண்டரை மடங்கு அளவுக்குக் கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். சூடு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால், வேகவைத்தும் அழியாத சில கிருமிகள் சோற்றில் பெருகும் என்பதால், வெப்பமானியும் கையில் இருக்கட்டும். பரிமாறுவோர் அனைவருக்கும் ஒரே அளவுள்ள அகப்பையைக் கொடுத்து, தொகுதிகளுக்கு உணவு செல்லும் வரிசைமுறையை நாள்தோறும் மாற்றினாலே பாதிப் புகார்கள் குறையும். சிறைவாசிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நெறிகளாக ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 35-ஆவது விதி, சமைக்கும் முறையோடு பரிமாறும் முறையையும் மருத்துவர் பார்வையிடச் சொல்கிறது. எனவே அவரையும் சமையற்கூட வாசலோடு திருப்பி அனுப்பாமல் அந்த வரிசைவரை அழைத்துச் செல்லுங்கள்.