ஈஸ்டர் லீவுக்கு முந்தின ரெண்டு வாரம்: இங்கிலாந்துல கேத்தலிக் பிரைமரி ஸ்கூலுக்கு புதுசா வந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கு

நாங்க தூத்துக்குடியில இருந்து இங்க வந்து முதல் வருஷம், ஸ்கூல் ஆப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு, வெள்ளிக்கிழமை ஈஸ்டர் பானட் பரேட்னு. பானட்னா தொப்பின்னு மட்டும் புரிஞ்சுது, சரி குளிருக்குன்னு வாங்கின கம்பளி தொப்பிய மகனுக்கு மாட்டி அனுப்பிட்டேன். ஹாலுக்குள்ள போய் பார்த்தா ஒவ்வொரு பிள்ளை தலையிலயும் பூவும் கோழிக்குஞ்சும் முட்டையுமா ஒரு தோட்டமே இருக்கு, என் பிள்ளை மட்டும் அந்த கம்பளி தொப்பிய கையில சுருட்டி வச்சுக்கிட்டு டீச்சர் பக்கத்துல நின்னான். அவன் அழல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இப்ப ரெண்டு பிள்ளைங்க, ஆறு ஈஸ்டர் பார்த்தாச்சு, நர்ஸ் வேலைக்கும் கேர் வேலைக்கும் வந்திருக்கிற நம்ம குடும்பங்க எல்லாரும் மார்ச் வந்தா இதே கேள்வியதான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல காலண்டர எடுங்க. ஈஸ்டர் மார்ச் 22ல இருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எந்த ஞாயித்துக்கிழமையிலயும் வரலாம், ஆனா ஸ்கூல் லீவு கவுன்சிலோ ஸ்கூலோ போடுற தேதி, ரெண்டும் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி பொருந்தாது. 2024ல ஈஸ்டர் மார்ச் 31, நிறைய ஸ்கூல் பெரிய வியாழன் அன்னைக்கு வரைக்கும் நடந்துச்சு. 2025ல ஏப்ரல் 20, பல ஊர்ல ஏப்ரல் 4ஆம் தேதியே லீவு விட்டாச்சு, அதாவது குருத்து ஞாயிறு வர்றதுக்கு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்போதே. நம்ம ஊர் மாதிரி இங்க பரீட்சை முடிஞ்சு வருஷ லீவு கிடையாது, ரெண்டு வாரம்தான், வந்த உடனே சம்மர் டேர்ம் ஆரம்பிச்சிடும். இதுல நாம புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, பெரும்பாலும் பரிசுத்த வாரம் லீவுக்குள்ள போயிடும், அதனால ஸ்கூல் அந்த கடைசி ரெண்டு வாரத்துலயே குருத்தோலை, பாதம் கழுவுறது, சிலுவைப் பாதை எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுவாங்க. பிள்ளைங்க ஆண்டவரோட பாடுகள் வரைக்கும் ஸ்கூல்ல நடந்து வந்துடுவாங்க, காலியான கல்லறைய வீட்லயும் கோயில்லயும் நாமதான் காட்டணும். அத விட்டுட்டா பிள்ளைக்கு மிஞ்சுறது சாக்லேட் முட்டை மட்டும்தான்.

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின அந்த நாப்பது நாள், ஸ்கூல்ல எப்படி போகும்னு சுருக்கமா சொல்றேன். சாம்பல் புதன் (எங்க பாட்டி இன்னும் விபூதி புதன்னுதான் சொல்லுவாங்க) அன்னைக்கு நெத்தியில சாம்பலோட பிள்ளைங்க வருவாங்க, வேற சமயத்து பிள்ளைங்கள கட்டாயப்படுத்த மாட்டாங்க. சின்ன கிளாஸ்ல "அல்லேலூயா"ன்னு கலர் பேப்பர்ல எழுதி ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடுற வழக்கம் நிறைய ஸ்கூல்ல இருக்கு, தவக்காலம் முழுக்க பூசையில அந்த வார்த்தை வராது இல்லையா, அதுக்காக. அப்புறம் கேஃபோட்னு ஒரு பேர் அடிக்கடி காதுல விழும், அது இங்கிலாந்து வேல்ஸ் ஆயர்களோட உதவி அமைப்பு, 1960ல கத்தோலிக்க பெண்கள் ஆரம்பிச்சு வச்ச குடும்ப நோன்பு நாள்ல இருந்து வளர்ந்தது, இப்பவும் தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை அந்த நோன்பு நாள் இருக்கு. ஸ்கூல்ல சூப்பும் பிரெட்டும் மட்டும் சாப்பிட்டு மிச்ச காச உண்டியல்ல போடுவாங்க. பிள்ளைய பட்டினி போடுவாங்களோன்னு ஒரு தங்கச்சி பயந்து போய் கேட்டா, அப்படி எதுவும் இல்ல. சுத்தபோசனம் (கறி சாப்பிடாம இருக்கிறது) 14 வயசுல இருந்துதான், ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு சாப்பாடு) 18 வயசுக்கு மேலதான், பிரைமரி பிள்ளைங்களுக்கு ரெண்டுமே கடமை இல்ல. ஆனா இங்க ஆயர்கள் 2011ல இருந்து வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை கறி வேண்டாம்னு திரும்ப கொண்டு வந்திருக்காங்க, அதனால வெள்ளிக்கிழமை லஞ்ச் பாக்ஸ்ல சிக்கன் வைக்காம இருந்தா நல்லது, யாரும் கேக்க மாட்டாங்க, இருந்தாலும்.

சிலுவைப் பாதை அசெம்பிளி, இல்லன்னா பாஸியன் பிளேன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் பெரிய கிளாஸ் பிள்ளைங்க நடிப்பாங்க. நம்ம ஊர்ல பாஸ்கா (ஆண்டவரோட பாடுகள் நாடகம்) பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது ரொம்ப சின்னதா தெரியும், இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான், சாட்டை கிடையாது, ரத்தம் கிடையாது, ஒரு பிள்ளை சிகப்பு துணிய கொண்டு வந்து சிலுவையில போடும், ஹால் அப்படியே அமைதியாயிடும். எனக்கு ஊர்ல ராத்திரி முழுக்க பார்த்த பாஸ்காவ விட இது மனசுல நின்னுச்சு, ஏன்னு தெரியல. அதுக்கு டிரெஸ் கேட்டா காசு செலவு பண்ணாதீங்க, பழைய வெள்ளை பெட்ஷீட்ட நடுவுல தலை போற அளவுக்கு வெட்டி இடுப்புல ஒரு துப்பட்டா கட்டினா போதும், தலைக்கு கிச்சன் துண்டு. வீடியோ எடுக்கக் கூடாதுன்னு சொன்னா எடுக்காதீங்க, சில பிள்ளைங்க படம் வெளிய போகக் கூடாதுன்னு காரணம் இருக்கும். நைட் ஷிஃப்ட் பார்க்குறவங்க தேதி வந்த அன்னைக்கே ரோஸ்டர்ல மாத்தி கேளுங்க, காலைல 9.15க்கு அசெம்பிளின்னா ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோட வந்து உட்கார்ந்திருக்கிற அம்மா அப்பா எத்தனையோ பேர் இங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப பானட். இது பெரும்பாலும் ரிசப்ஷன் (நாலு வயசுல சேர்ற முதல் கிளாஸ்), இயர் 1, இயர் 2 பிள்ளைங்களுக்கு, ஆம்பளப் பிள்ளைங்களும் போடணும். ஒரு வாரம் முன்னாடியே பவுண்ட்லாண்ட்லயோ தி வொர்க்ஸ்லயோ போய் ஒரு சின்ன வைக்கோல் தொப்பியும் மஞ்சள் பஞ்சு கோழிக்குஞ்சு பாக்கெட்டும் வாங்கிடுங்க, பரேடுக்கு ரெண்டு நாள் முன்னாடி போனா அலமாரி காலியா இருக்கும். தொப்பி கிடைக்கலன்னா பேப்பர் பிளேட்ட எடுத்து நடுவுல வட்டமா வெட்டுங்க, தலை அளவு நூல் வச்சு அளந்துட்டு வெட்டணும், பெருசா போச்சுன்னா மூக்கு வரைக்கும் இறங்கிடும். டிஷ்யூ பேப்பர்ல டாஃபடில் பூ செய்யுறது ரொம்ப சுலபம், மஞ்சள் பேப்பர் ஆறு இதழ், நடுவுல முட்டை அட்டையோட ஒரு குழிய வெட்டி ஆரஞ்சு பெயின்ட். சாதாரண பசை நல்லா காய ஒரு நாள் முழுக்க ஆகும், அதனால முந்தின நாள் சாயங்காலம் ஒட்டினா காலைல வழியிலயே எல்லாம் உதிரும். சூடு பசை துப்பாக்கி இருந்தா நீங்க பிடிங்க, பிள்ளைகிட்ட குடுக்காதீங்க. தாடைக்கு கீழ எலாஸ்டிக் கண்டிப்பா வேணும், இங்க மார்ச் காத்து உங்களுக்கே தெரியும். முடிச்சதும் பிள்ளைய குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட சொல்லிப் பாருங்க, தொப்பி நின்னா சரி. இன்னொண்ணு, நீங்களே முழுசா அழகா செஞ்சு குடுக்காதீங்க. கோணலா ஒட்டினாலும் பிள்ளையே ஒட்டினதா இருக்கட்டும், டீச்சருங்க பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க, அத விட பிள்ளைக்கு "இது நான் செஞ்சது"ன்னு சொல்ற அந்த முகம் வேணும்ல.

முட்டை அலங்காரப் போட்டியில நமக்கு ஒரு வசதி இருக்கு, நம்ம சமையலறையிலயே சாயம் கிடக்கு. வெங்காயத் தோல ரெண்டு கை நிறைய எடுத்து தண்ணியில பத்து பதினஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, ரெண்டு ஸ்பூன் வினிகர் ஊத்தி, வெள்ளை முட்டையா இருந்தா நல்லது, அதுலயே முட்டைய போட்டு வேக வச்சா செங்கல் கலர் வரும். மஞ்சள் தூள்னா தங்க நிறம், பீட்ரூட்னா ஊதாவுக்கும் ரோசுக்கும் நடுவுல. கொத்தமல்லி இலைய முட்டை மேல வச்சு பழைய காலுறையில இறுக்கி கட்டி சாயத்துல போட்டீங்கன்னா எடுக்கும்போது இலையோட வடிவம் அப்படியே பதிஞ்சிருக்கும், என் மக இத செஞ்சுட்டு போன வருஷம் கிளாஸ் முழுக்க எப்படின்னு கேட்டுச்சாம். முட்டை வேக வச்சதா இருக்கணும், பச்சை முட்டை அனுப்பக் கூடாது. சில ஸ்கூல்ல முட்டை அலர்ஜி பிள்ளைங்க இருந்தா மர முட்டை இல்லன்னா அட்டை முட்டைதான்னு சொல்லியிருப்பாங்க, மெசேஜ கடைசி வரி வரைக்கும் படிங்க. கிளாஸுக்கு சாக்லேட் குடுத்து விடணும்னு ஆசை இருந்தா கடலை, முந்திரி சேராததா பார்க்கணும், கூட முஸ்லிம் பிள்ளைங்களும் படிக்கிறாங்க, ஹலால் இல்லாத ஜெலட்டின் போட்ட மிட்டாய் அவங்களால சாப்பிட முடியாது. இந்த கொஞ்ச வருஷமா ரம்ஜானும் தவக்காலமும் ஒட்டி ஒட்டியே வருது, என் மகனும் அவன் கூட்டாளியும் யார் எத விட்டாங்கன்னு பேசிக்கிட்டே வர்றத கேக்க அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

ராஃபிள் சீட்டு (பரிசு குலுக்கல்), மஃப்டி டே இதெல்லாம் பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், காசு சேர்க்க நடத்துறது. மஃப்டி டேன்னா யூனிஃபார்ம் வேண்டாம், ஒரு பவுண்டு இல்லன்னா ராஃபிளுக்கு ஒரு சாக்லேட் முட்டை கொண்டு வரணும், அவ்ளோதான். கையில காசு இல்லாத மாசமா இருந்தா குடுக்காம இருக்கலாம், பிள்ளை கலர் டிரெஸ் போட்டு போகட்டும், யாரும் கணக்கு பார்க்குறது இல்ல. டீச்சருக்கு ஈஸ்டர் கிஃப்ட் கட்டாயமே கிடையாது, பிள்ளை கையால ஒரு கார்டு எழுதினா போதும், ஆனா லஞ்ச் ஹால்ல சாப்பாடு போடுற அம்மாவுக்கும் ஒண்ணு எழுத சொல்லுங்க, அவங்களுக்கு யாரும் எழுதுறது இல்ல.

கடைசி நாள் விஷயம் கவனமா படிங்க. பல ஸ்கூல் அன்னைக்கு மத்தியானம் 1.30க்கோ 2 மணிக்கோ விட்டுடுவாங்க, ஆஃப்டர் ஸ்கூல் கிளப் பெரும்பாலும் இருக்காது, கூப்பிட யார் வர்றாங்கன்னு முந்தின வாரமே பேசி வச்சுக்கோங்க. இன்ஹேலர், மருந்து, பி.இ. பை (விளையாட்டு டிரெஸ் பை), லாஸ்ட் ப்ராப்பர்ட்டி பெட்டியில கிடக்கிற கார்டிகன் எல்லாம் அன்னைக்கே வீட்டுக்கு வரணும். ஊருக்கு போற டிக்கெட் ஒரு வாரம் முன்னாடி போட்டா பாதி விலைன்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் தோணியிருக்கு, ஆனா அனுமதி இல்லாம அஞ்சு ஸ்கூல் நாள் போனா அபராதம் வரும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாள்ல கட்டலன்னா 160. ரெண்டு பிள்ளை, அப்பா அம்மா ரெண்டு பேருன்னா கணக்கு போட்டுக்கோங்க. வருமானம் குறைவா இருந்து ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ் வாங்குற பிள்ளைங்களுக்கு ஈஸ்டர் லீவுல நாலு நாள் விளையாட்டும் சாப்பாடுமா கவுன்சில் கிளப் நடத்தும், ஹாஃப்னு பேரு, இடம் சீக்கிரம் முடிஞ்சிடும், ஸ்கூல் ஆபீஸ்ல தயங்காம கேளுங்க.

சின்ன பிள்ளைக்கு ரிசப்ஷன்ல இடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தா பதில் ஏப்ரல் 16 வரும், பல வருஷம் அது ஈஸ்டர் லீவுக்குள்ளயே விழும், ஊருக்கு போனாலும் ஈமெயில பார்த்து சம்மதம் சொல்ல மறந்துடாதீங்க. இயர் 3 பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் தவக்காலத்துல முதல் பாவசங்கீர்த்தனம், மே ஜூன்ல புதுநன்மை (முதல் நற்கருணை), அதுக்கு ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, ஊர்ல ஞானஸ்நானம் குடுத்த பங்குல இருந்து இப்பவே வாங்கி வச்சிடுங்க, லீவுல போறவங்க இருந்தா அவங்ககிட்ட சொல்லி விடுங்க.

சரி, இனி ஸ்கூல் பூட்டினதுக்கு அப்புறம், எனக்கு இதுதான் முக்கியம். குருத்து ஞாயிறுக்கு இங்க பச்சை ஓலை கிடைக்காது, காஞ்ச ஓலைல சிலுவை செஞ்சு குடுப்பாங்க, பிள்ளைங்களுக்கு தென்னை ஓலை பின்னுற கதைய நீங்க சொல்லுங்க. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போகும், 2024ல ஈஸ்டர் அன்னைக்கே அப்படி ஆகி எத்தனையோ குடும்பம் பூசை முடியும்போது வந்து நின்னுச்சு, 2027லயும் ஈஸ்டர் மார்ச் 28, அதே கதைதான், இப்பவே குறிச்சு வைங்க. பெரிய வியாழன் சாயங்காலம் பாதம் கழுவுற பூசைக்கு பிள்ளைங்கள கண்டிப்பா கூட்டிட்டு போங்க, ஸ்கூல்ல செஞ்சது அங்க ஃபாதர் செய்யும்போது "அம்மா இது எங்களுக்கு தெரியும்"னு காதுல சொல்லும். வீட்லயும் ஒரு பேசின்ல தண்ணி வச்சு நீங்க பிள்ளை பாதத்த கழுவுங்க. பெரிய வெள்ளி லீவு நாள், பல பங்குல காலைல பிள்ளைங்களுக்கு தனியா சிலுவைப் பாதை, மத்தியானம் 3 மணிக்கு பெரிய வழிபாடு. சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு ஊர் மாதிரி 11 மணிக்கு இல்ல, இருட்டின உடனே எட்டு எட்டரைக்கே ஆரம்பிச்சிடும், சின்ன பிள்ளை மத்தியானம் தூங்கியிருந்தா தாராளமா கூட்டிட்டு போகலாம், வெளிய நெருப்பு மூட்டி பெரிய மெழுகுதிரி ஏத்துறத பார்க்க விட்டாலே போதும், தூங்கிப் போனா மடியில போட்டுக்கோங்க. ஈஸ்டர் ஞாயிறு சட்டப்படி பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், மட்டன், தயிர், புதினா எல்லாம் சனிக்கிழமையே வாங்கிடுங்க.

திரும்ப ஸ்கூல் திறக்குற திங்கக்கிழமை டீச்சருங்களுக்கு மட்டும் இன்செட் டேயான்னு ஆப்ல பாருங்க, நாங்க ஒரு தடவை பூட்டின கேட் முன்னாடி நின்னோம். முதல் வாரத்துல ஈஸ்டர் பூசையோ அசெம்பிளியோ இருக்கும், அந்த பெட்டிய திறந்து அல்லேலூயாவ வெளிய எடுப்பாங்க, முடிஞ்சா போய் பின் வரிசையிலயாவது நில்லுங்க.