காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போகவேண்டாம்

"வீட்டில ஆர் என்னோட கதைக்கினம்? ஏன் சும்மா பற்றரியைக் கரைப்பான்?"

இப்படிச் சொல்லித்தான் அம்மம்மா காலையில் காதுக் கருவியைக் கழற்றி மருந்துப் பெட்டிக்குள் வைப்பா. பிறகு வெறுங்காலோடு, பாசி பிடித்த கிணற்றடிச் சீமெந்தில் வாளியும் கையுமாக நிற்பா. கலியாணவீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் அது காதில் ஏறும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நான் பார்த்த தவறுகளில் பெரியதும் இதுதான்.

கண்ணும் பாதமும் உட்காதின் சமநிலை உறுப்பும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. சத்தமும் அதற்குக் கைகொடுக்கிறது. இடப்பக்கம் அடுத்த வளவுத் தண்ணீர் மோட்டர், பின்னால் குசினி றேடியோ. அசையாத இடத்திலிருந்து வரும் இந்தச் சத்தங்களை வைத்து, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளை பிடித்துக்கொள்ளும். சத்தம் மங்கினால் அந்தப் பிடியும் தளரும்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. 65 முதல் 91 வயது வரையான 14 பேர், கண்ணை மறைத்து மெத்துமெத்தென்ற பஞ்சில் நின்றார்கள். கருவியை நிறுத்தியபோது சராசரியாக 17 விநாடி, போட்டபோது கிட்டத்தட்ட 26 விநாடி தாக்குப்பிடித்தார்கள். 14 பேர் சிறு தொகைதான். கருவி போட்டால் விழவே மாட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2012இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, லேசாகக் காது மந்தமானவர்களிடையே கூட, விழுந்ததாகச் சொன்னவர்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. அதனால் எழும்பி முகம் கழுவித் துடைத்த கையோடு கருவியைப் போடச் சொல்லுங்கள். குளிக்கும்போதும் படுக்கும்போதும் மட்டும் கழற்றட்டும்.

"மெஷின் போட்டும் தலைச்சுத்து நிக்கேல்லை" என்று சொல்லிக் கருவியை மூலையில் போடுவது அடுத்த தவறு. கருவி சத்தத்தைக் கூட்டும். பழுதான சமநிலை உறுப்பைத் திருத்தாது. படுக்கையில் புரளும்போது சில விநாடி உலகமே சுழன்றால், உட்காதுத் துகள்கள் இடம்மாறியிருக்கலாம். அதைத் தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சியாலேயே டொக்டர் சரிசெய்வார். எழும்பியதும் தலை கிறுகிறுத்தால் பிறஷர்க் குளிசையைச் சந்தேகிக்கவேண்டும். நீரிழிவால் பாதம் மரத்திருக்கவும் கூடும். காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இரண்டு காதுக்கும் சொல்லியிருக்க, காசை நினைத்து ஒன்றோடு நிறுத்தினால், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது குழம்பும். கேள்திறனைச் சோதிக்காமல் ஒன்லைனில் வாங்கவே வேண்டாம். கருவி கீச்சிட்டால் பொருத்தம் சரியில்லை, அல்லது காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறது, ஹெயார்பின்னால் கிண்டாதீர்கள். பற்றரியின் ஸ்டிக்கரை உரித்ததும் செருகாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட விடுங்கள்.

இரவில் கருவி காதில் இராது, கண்ணுக்கும் வெளிச்சம் குறைவு. விறாந்தையிலிருந்து கக்கூஸ் வரை ஒரு சின்ன பல்ப் எரியட்டும். எழும்பியவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள்.

ஒரு காது திடீரென்று கேளாமல் போனால், தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.