கேரவனின் எடையும் அதை இழுக்கும் காரும்: பொருத்தம் பார்ப்பது எப்படி?

பிரிட்டனில் கேரவன், அதாவது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி, வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் படுக்கைகளையும் சமையல் மேடையையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்பாகவே கதவோரம் இருக்கும் எடைத் தகட்டைப் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நிலையில் கேரவனுக்குள்ள எடையை ‘மிரோ’ என்றும், பொருள்களை எல்லாம் ஏற்றிய பின் அது எட்டக்கூடிய உச்ச எடையை ‘எம்.டி.பி.எல்.எம்.’ என்றும் குறிப்பிடுகிறார்கள். சுமையேற்றாத காரின் எடை ‘கெர்ப் எடை’ எனப்படுகிறது. காருடன் ஒப்பிட வேண்டியது கேரவனின் உச்ச எடையைத்தான். புதிதாக இழுக்கத் தொடங்குபவர்களுக்கு அது கெர்ப் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கு நெடுநாளாக வழங்கிவரும் பரிந்துரை. இது சட்டமன்று, ஆயினும் அனுபவம் உள்ளவர்களும் 100 சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது.

1,600 கிலோ கெர்ப் எடையுள்ள ஒரு காருக்கு இந்தக் கணக்கில் 1,360 கிலோ வருகிறது. அதே காரின் தகட்டில், காரும் இழுவையும் (அது இழுக்கும் வண்டியும்) சேர்ந்த மொத்த எடை வரம்பிலிருந்து காரின் மொத்த எடை வரம்பைக் கழித்தால் 1,800 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,800 கிலோவைக் காரால் இழுக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் அந்த வரம்பு, 12 சதவீத ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்ப முடியுமா என்பதை வைத்து நிர்ணயிக்கப்படுவது. மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும்போது கேரவன் காரை ஆட்டுவிக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவே இரண்டில் சிறிய எண்ணையே பின்பற்ற வேண்டும்.

மிரோ 1,200, உச்ச எடை 1,350 என்றால் நாம் ஏற்றிக்கொள்ள 150 கிலோ இருக்கிறது. தாராளமாகத் தோன்றும் இந்த அளவு விரைவில் கரைந்துவிடும். பேட்டரி சுமார் 20 கிலோ, கம்பிகளோடு கூடிய வெளிக்கூடாரம் சுமார் 25 கிலோ, கேரவனை நகர்த்தும் மோட்டார் பொருத்தியிருந்தால் அது சுமார் 30 கிலோ. எஞ்சியதில்தான் பாத்திரங்களும் துணிமணிகளும் நாற்காலிகளும் அடங்க வேண்டும். 40 லிட்டர் தண்ணீர் உருளை 40 கிலோ என்பதால், அதை முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்வதே முறை.

அடுத்தது, இணைப்புக் கொக்கியின் மேல் அழுத்தும் ‘நோஸ் வெயிட்’. இது ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை, அதாவது 1,350 கிலோவுக்குச் சுமார் 68 முதல் 94 கிலோ வரை, இருக்க வேண்டும்; காரோ, காரின் பின்னால் பொருத்திய இழுவைக் கம்பியான டோபாரோ 75 கிலோ மட்டுமே தாங்கும் என்றால் 75 கிலோவே எல்லை. சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்கள் உருளாதபடி கட்டைகள் வைத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் கொக்கியின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தி, கேரவனின் முன்னால் உள்ள சிறு சக்கரத்தை மெல்ல மேலேற்றினால் பாரம் முழுவதும் கட்டையின் மேல் இறங்கும். அப்போது காட்டும் எண்ணே நோஸ் வெயிட். கனமான பொருள்களை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். பின்புறம் கனத்தால் கேரவன் ஊசலாடத் தொடங்கும்.

1997 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கார் ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரையிலான இழுவையை இழுக்கலாம். இருப்பினும் காரின் தகடு அனுமதிக்கும் எடையே அவர்களையும் கட்டுப்படுத்தும்.

முதல் பயணத்துக்கு முன், புறப்படும் நாளில் இருப்பதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, பொது எடைமேடை ஒன்றில் கேரவனைக் காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருந்தால் சில பொருள்களைக் காருக்கு மாற்றலாம்; ஆனால் காருக்கும் அதன் தகட்டில் ஓர் எல்லை உண்டு என்பதால், மாற்றிய பிறகு காரையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.