ஆங்கில இயைபுச் சொற்கள்: சொல்லின் வாலைப் பிடித்த கதை

மகளின் ஆங்கில தினக் கவிதைக்கு ஒரே ஓசையில் முடியும் சொற்கள் பொருளோடு வேண்டியிருந்தன. நாள்கணக்கில் இழுத்தடித்தது. மட்டக்களப்பு டவுனில் வாங்கிய ஆங்கில-தமிழ் அகராதி முதலெழுத்து வரிசையில் இருப்பதால் சொல்லின் வாலைப் பிடித்துத் தேட வழியில்லை. அப்புறம் எக்செல்லில் சொற்களைப் பின்புறமாகத் திருப்பி அடுக்கினேன், ஓ-யூ-ஜி-எச் என முடியும் ரஃப் (முரடான), காஃப் (இருமல்), டோ (குழைத்த மா) எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஓசை சேராது.

சரிவந்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இலவச உச்சரிப்பு அகராதிக் கோப்பு. அதில் ஒவ்வொரு உயிரொலியோடும் 0 (அழுத்தம் இல்லை), 1 (முதன்மை அழுத்தம்), 2 (துணை அழுத்தம்) என்று அழுத்தக் குறி ஒட்டியிருக்கும். கடைசியாக 1 வரும் உயிரொலியிலிருந்து முடிவு வரை இரண்டு சொல்லும் ஒத்துப்போனால் இயைபு. ரஃப்புக்கு ஸ்டஃப் (பொருட்கள்), இனஃப் (போதும்) கிடைத்தன. எழுத்தில் ஸ்டஃப்புக்கும் ரஃப்புக்கும் சம்பந்தமே இல்லை, பாருங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும், அது அமெரிக்க உச்சரிப்பு. கிளார்க் (எழுதுவினைஞர்) அங்கே வேர்க் (வேலை) என்ற சொல்லோடு சேரும், நம் பக்கத்து ரீச்சர்மார் சொல்கிற பிரித்தானிய முறையில் பார்க் (பூங்கா) என்ற சொல்லோடுதான் சேரும். அதனால் சந்தேகமான சோடிகளை மகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லித்தான் எடுத்தேன். பொருளுக்கு அந்தப் பழைய அகராதியே போதுமாக இருந்தது.