பழைய சட்டையில் பாதித் தையல் ஏற்கெனவே முடிந்திருக்கிறது

பழைய உடையை வெட்டிப் புதிதாகத் தைக்கலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, அதை வெறும் துணியாகப் பார்ப்பது. முழுச் சட்டையையும் பிரித்து, துண்டு துண்டாக இஸ்திரி போட்டு, மேலே பேப்பர் கட்டிங்கை, அதாவது அளவுக்கு வெட்டிய காகித மாதிரியை, வைத்துப் பார்த்தால் எந்தத் துண்டும் பத்தாது, அலுப்புதான் மிஞ்சும். நான் வேறு மாதிரி பார்ப்பேன். இந்த உடையில் யாரோ ஒருவர் ஏற்கெனவே மெனக்கெட்டுத் தைத்து வைத்திருப்பது எது? பட்டன் பட்டி, காஜா (பட்டன் நுழைகிற துளை), ஜிப், பாக்கெட், நேராக ஓடுகிற கீழ் மடிப்பு. வீட்டு மெஷினில் நம் உயிரை எடுக்கிற வேலைகள் எல்லாம் இவைதானே. அவற்றைத் தொடாமல் சுற்றி எங்கே வெட்டலாம் என்று யோசித்தால் பாதி வேலை மிச்சம்.

அதனால் எடுக்கும்போதே பெரிய அளவாக எடுங்கள். பெரிய ஆண்கள் சட்டை, நீளப் பாவாடை, சுற்றளவு தாராளமான கவுன் இதெல்லாம் கைக்கு அடங்கும். இடுப்பு, நெஞ்சு எல்லாம் டார்ட் (உடம்பு வளைவுக்காக உள்ளே பிடித்துத் தைக்கிற கூம்பு மடிப்பு) பிடித்துக் கச்சிதமாகத் தைத்த உடையில் அகலமான துண்டு ஒன்றுகூடத் தேறாது. செகண்ட் ஹேண்ட் துணி என்றால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அக்குள், முழங்கை, பேன்டில் தொடை உரசுகிற இடம், உட்காருகிற இடம் இவை நைந்திருந்தால் சல்லடை மாதிரி தெரியும். அந்த இடங்கள் எப்படியும் வெட்டில் போய்விடும் என்றால் கவலையில்லை. நடுமுதுகே சல்லடை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே ஒரு இழுப்பு. உறுதியான துணி அப்படியே நிற்கும். இற்றுப்போனது மெல்லிய சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும், அதில் போடுகிற தையல் அடுத்த துவைப்புக்குத் தாங்காது.

லேபிள் இல்லாத துணி காட்டனா பாலியஸ்டரா என்று தெரிய, உள் ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். காகிதம் எரிகிற வாசனையும் லேசான சாம்பலும் வந்தால் காட்டன் வகை. முடி கருகிய நாற்றம் அடித்தால் கம்பளி அல்லது பட்டு. உருகி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர் மாதிரியான செயற்கை இழை. இது தெரிந்தால் இஸ்திரிச் சூட்டை எவ்வளவு வைப்பது என்று தெரியும். இரண்டு வெவ்வேறு உடைகளைச் சேர்த்துத் தைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் முக்கியம், ஏனென்றால் துவைக்கும்போது ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் நின்றால் தையல் முழுக்க நெளிந்துவிடும். எப்படியும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பிரிப்பது பற்றி. சீம் ரிப்பர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கும், இரண்டு முனை இருக்கும், குட்டை முனையில் பெரும்பாலும் ஒரு சிவப்பு உருண்டை. பலர் அதைக் கத்தி மாதிரி தையல் நெடுக ஓட்டி, துணியையும் சேர்த்துக் கிழிக்கிறார்கள். கூர்முனையைத் தையலுக்கு அடியில் விட்டு மூன்று நான்கு தையலுக்கு ஒன்று வெட்டிக்கொண்டே போங்கள், பிறகு துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் நீளமாக வந்துவிடும். ஜீன்ஸின் கீழ் மடிப்பில் உள்பக்கம் சங்கிலி மாதிரி தெரிந்தால் அது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்துவிட்டால் ஒரே இழுப்பில் முழுக்கக் கழன்றுவிடும், அதில் ஒரு தனி சுகம் உண்டு. ஆனால் சட்டையின் பக்கவாட்டிலும் ஜீன்ஸின் கால் நெடுகவும் இரட்டை வரிசையாக மடித்துத் தைத்திருப்பார்களே, அதைப் பிரிக்க உட்காராதீர்கள். ஒட்டி வெட்டிவிடுங்கள், ஒரு விரல் அகலம் துணி போனால் போகட்டும்.

சரி, ஒரு சட்டையை எடுத்து மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குக் கையில்லாத ஃபிராக் தைப்போம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

கைகள் இரண்டையும் தையலை ஒட்டி வெட்டி எடுத்து வைத்துவிடுங்கள், பின்னால் வேண்டும். அடுத்து பாக்கெட்டைப் பிரியுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவர் சட்டையின் பாக்கெட், குழந்தை அளவுக்கு வெட்டும்போது சரியாகக் கைக்குழி வளைவின் மேல் வந்து விழும். பிரித்ததும் அதற்கு அடியில் ஒரு கட்டம் பளிச்சென்று பழைய நிறத்தில் இருக்கும், சட்டை வெளுத்திருக்கிறது என்பதே அப்போதுதான் உங்களுக்கு உறைக்கும். அந்தக் கட்டத்தில் பாதி வெட்டில் போகும், மீதி நிற்கும். அதனால்தான் சட்டையை முன்பின்னாகத் திருப்பிவிடுகிறேன்: பட்டன் பட்டி குழந்தையின் முதுகுக்கு, சட்டையின் முதுகு ஃபிராக்கின் முன்பக்கத்துக்கு. ஒட்டு, கறை எதுவும் இல்லாத பெரிய துண்டு எந்தச் சட்டையிலும் முதுகுதான், போட்டுக் கழற்றுவதற்கான திறப்பும் பின்னால் தானாகக் கிடைத்துவிடுகிறது.

எல்லா பட்டனையும் போட்டு, சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பட்டி நட்டநடுவில் வரும்படி விரியுங்கள். பட்டனை ஒழுங்காகப் போட்டிருக்கிறோமா என்று மேலிருந்து கீழாக எண்ணிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒரு தடவை ஒரு காஜா தள்ளிப் போட்டதைக் கவனிக்காமல் வெட்டிவிட்டேன். அப்புறம் சரியாகப் போட்டுப் பார்த்தால் ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. ஒட்டுப்போட்டும் சரிவரவில்லை, கடைசியில் அது தலையணை உறையானது.

குழந்தைக்குச் சரியாக இருக்கிற பழைய ஃபிராக் ஒன்றை மேலே வையுங்கள். அதன் நடுக்கோடு பட்டியின் மேல், அதன் கீழ் ஓரம் சட்டையின் கீழ் மடிப்பை ஒட்டி. பல சட்டைகளில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. நீளமாக இருக்கும். பக்கத் தையல் வரப்போகிற கோட்டில் இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா பார்த்துக் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அங்கே ஒரு படி விழும். வெட்டுவதற்கு முன் இன்னொன்று: கழுத்துக் கோட்டுக்கு ஒன்று ஒன்றரை செ.மீ. கீழே ஒரு பட்டன் வருகிறதா? சட்டையில் பட்டன்களுக்கு நடுவே எட்டு ஒன்பது செ.மீ. இடைவெளி இருக்கும், அதனால் கழுத்து இரண்டு பட்டனுக்கு நடுவில் விழுந்தால் பின்கழுத்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கழுத்தை ஒரு பட்டனுக்குத் தக்கபடி ஏற்றியோ இறக்கியோ வரையுங்கள், அல்லது மேலே ஒரு கொக்கி வைத்துவிடுங்கள்.

இப்போது சாக்பீஸால் சுற்றி வரையலாம். பக்கங்களிலும் தோளிலும் ஒன்றரை செ.மீ., கழுத்திலும் கைக்குழியிலும் முக்கால் செ.மீ. தையலுக்கு விடுங்கள். இரண்டு அடுக்கையும் பின்கழுத்து அளவுக்கே முதலில் வெட்டிவிட்டு, ஃபிராக்கின் முன்பக்கமாகப் போகிற அடுக்கை மட்டும் எடுத்து, கழுத்தை இன்னும் இரண்டு மூன்று செ.மீ. இறக்குங்கள். தையல் கோட்டில் பட்டன் ஏதாவது வந்தால் கழற்றிவிடுங்கள், ஊசி அதில் பட்டால் உடையும்.

வெட்டி வைத்த கைகளுக்கு இப்போது வேலை. அவற்றைத் தையலில் பிரித்து விரித்து, மூலைவாக்கில், 45 டிகிரி சாய்வில், நாலு செ.மீ. அகலத்துக்குக் கிராஸ் துண்டுகள் வெட்டுங்கள். நீளம் பத்தாவிட்டால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். நேர் துண்டு வளைவில் திரும்பாது, கிராஸ் துண்டு இழுத்த பக்கம் வரும், அதற்காகத்தான் இந்தச் சாய்வு. தோளைச் சேர்த்துத் தைத்துவிட்டு, போட்ட பட்டன்களை அவிழ்த்துப் பட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராஸ் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, கழுத்தின் வெளிப்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து முக்கால் செ.மீ.யில் தையுங்கள். வளைவில் துண்டை லேசாக, மிக லேசாக, இழுத்துப் பிடித்தால்தான் கழுத்து படிந்து உட்காரும். பட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒரு செ.மீ. நீட்டிவிட்டு உள்ளே மடியுங்கள். ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி, வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, துண்டை உள்ளே திருப்பி மேல் தையல் போட்டால் கழுத்து முடிந்தது. கைக்குழிக்கும் இதே வேலைதான். பிறகு பக்கங்களைச் சேர்த்து, ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டுங்கள். கீழ் மடிப்பு ஏற்கெனவே இருக்கிறது, காஜாவும் இருக்கிறது. பாக்கெட்டை வேண்டுமானால் கொஞ்சம் சின்னதாக மடித்து முன்னால் வைக்கலாம். சட்டைத் துணிக்கு 70 அல்லது 80 நம்பர் ஊசி (நம்பர் கூடக் கூட ஊசி தடிமன்), தையல் நீளம் இரண்டரை மி.மீ. போதும்.

மற்ற துணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டுக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போடுங்கள், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும், தையலும் விட்டுவிட்டு விழும். நேர்த்தையலுக்குப் பதில் குறுகிய ஜிக்ஜாக், துணியைத் தள்ளவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம். பின்னிய ஸ்வெட்டரை வெட்டுவதானால் வெட்டுக்கோட்டின் இருபுறமும் முதலில் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டுத்தான் கத்தரியைத் தொடவேண்டும். ஜீன்ஸுக்கு 100 நம்பர் ஊசி, மூன்று மூன்றரை மி.மீ. தையல். தடித்த முடிச்சு மாதிரியான இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, பிரஸ்ஸர் ஃபுட்டுக்கு (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) பின்னால் அதே உயரத்துக்கு மடித்த துணித் துண்டு ஒன்றை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். மோட்டாரை நம்பினால் ஊசி போய்விடும்.

சட்டை நன்றாகத்தான் இருக்கிறது, காலர் மடிப்பு மட்டும் நைந்திருக்கிறது என்றால் வெட்டவே வேண்டாம். காலரை அதன் அடிப்பட்டியிலிருந்து மட்டும் பிரித்து, புரட்டி, அதே இடத்தில் வைத்துத் தைத்துவிடுங்கள், நைந்த பக்கம் கழுத்துக்குப் பின்னால் மடிப்புக்கு அடியில் மறைந்துவிடும். இது பழைய வித்தை. 1941 ஜூன் முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்கு ரேஷன் இருந்தபோது, ஆண்களின் கோட்டு சூட்டுகளைப் பெண்களுக்கு மாற்றித் தைத்த வீடுகளில் இதுவும் அன்றாட வேலை. பிரிப்பதற்கு முன் காலரின் நடுவிலும் அடிப்பட்டியின் நடுவிலும் ஒவ்வொரு குண்டூசி குத்திக்கொள்ளுங்கள், திரும்பச் சேர்க்கும்போது அந்த இரண்டு குண்டூசியும் சந்தித்தால் காலர் கோணாது.